வீடு என்னுஞ் சொல்லும் அதன் வழக்கும்

ஒரு சொல் ஒரு பொருளையே உணர்த்துதல் வேண்டும் என்னும் நியதி எம்மொழியினும் இல்லை. ஒரு சொல் பல பொருளுக்கு உரியதாதலும், பல சொற்கள் ஒரு பொருளுக்கு உரியனவாதலும் உண்டெனத் தொல்காப்பியர் உரியியலிற் கூறிவைத்தார். பின்வந்த நிகண்டு நூலார் அவ்விருவகையினையும் தனித்தனித் தொகுதிகளாக வகுத்துக் காட்டினர். மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளுள் முதற் பத்தும் பரியாயப் பெயர்களைக் கூறுவன. பதினோராவது, ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி என்பது. யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிகளில் இந்நிகண்டு நெடுங்காலம் மனனஞ் செய்யப்பட்டு வந்தது. ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டிற் சென்னை சென்று அச்சிட்ட நூல்களுள் சூடாமணி நிகண்டுரை ஒன்றாதலே, இந்நாட்டுக் கல்வியில் அந்நூல் பெற்றிருந்த இடத்தைக் காட்டப் போதியதாகும்.

இக்காலத்து மாணவர் நிகண்டினை மனனஞ் செய்வதில்லை. அதற்கு மாறாக, ஒத்த கருத்துச் சொற்கள் என்னுந் தலைப்பின்கீழ் நாலைந்து சொற்களை நிரல்பட எழுதி நெட்டுருப் பண்ணுகின்றனர். இதனால் விளையுந் தீங்கு இரண்டு. ஒத்த கருத்துச் சொல் யாவும் ஒன்றனிடத்தில் மற்றொன்று நிற்றற்குரியது என்று கருதுதல் ஒன்று. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களும் தம்முட் தொடர்பின்றி ஒரு மூட்டையுட் கட்டப்பட்டன என்று கருதுதல் மற்றொன்று. இவ்விரண்டும் பிழையென்பதை, சிறு குழந்தையும் நாடோறும் வழங்கும் ‘வீடு’ என்னும் ஒரு சொல்லைக்கொண்டே விளக்கலாம்.

‘முனிவர் வீடடைந்தார்’ என்னும் வாக்கியத்துக்கு, ‘முனிவர் தமது இல்லத்துக்குத் திரும்பினார்’ என ஒரு மாணவன் பொருள் எழுதுவானாயின் ஆசிரியர் நகைப்பர். ஆனால், அம்மாணவன் கற்ற பட்டியலில் வீடு என்பதற்கு இல்லம் என்பதே பொருளாக இருந்தது. அவன் பட்டியலைப் பிழைபடக் கற்றானல்லன். பட்டியலை மாத்திரமே கற்றான். ‘வீடடைந்தார்’ என வேற்றுமையுருபு தொக்கு நிற்பின் முத்தியையும், ‘வீட்டை அடைந்தார்’ என உருபு விரிந்து நிற்பின் பெரும்பாலும் மனையையும் உணர்த்துதல் வழக்கு. ‘வீட்டுநெறி’ என்றால் முத்திக்குரிய நெறி. ‘வீட்டுவழி’ என்றால் மனைக்குச் செல்லும் வழி. நெறியும் வழியும் ஒத்த கருத்துச் சொற்களே. எனினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தவளவில், முனிவர் செல்லும் இடம் மாறிவிடுகின்றது.

சொல்லின் பிறப்பு

வீடு என்பது விடு என்னும் பகுதியடியாகப் பிறந்த பெயர். கெடு என்பது கேடு எனவும், சுடு என்பது சூடு எனவும், பெறு என்பது பேறு எனவும் முதல் நீண்டு தொழிற்பெயராதல் போல, விடு என்பதும் வீடு என நின்றது. இதனை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர் இலக்கண நூலார். ஆகவே, வீடு என்பதன் முதற்பொருள் விடுதல் என்பதே. விடுதலை, துறத்தல், நீங்குதல், முடிதல், அழிதல் என்பன யாவும் இம்முதற்பொருளினின்றுங் கிளைத்தவை. வீடுதல் என்னும் வினை அழிதலையும், வீட்டுதல் என்னும் வினை அழித்தலையும் குறித்துச் செய்யுளிற் பயின்று வருதல் காண்க.

விடுதலைக் குறித்த சொல் மனையைக் குறித்தது எவ்வாறு? மனை என்பது பற்றி நிற்றற்குரிய இடமாயிற்றே. அதனை விடுதலோடு சேர்த்தல் பொருந்துமோ என்று ஐயுறுதல் இயல்பு. இவ்வையம் நீங்குதற்கு விடு என்பதன் மற்றொரு வழக்கினை நோக்குதல் வேண்டும். வழிச்செல்வோர் வண்டியை நிறுத்தி மாட்டை அவிழ்த்துத் தங்குதலை, ‘வண்டியை விட்டுத் தங்கினர்’ என்பர். சுமையை இறக்கி, நடையை ஒழித்து, இளைப்பாறும் இடம் விடுதி எனப்பட்டது. படை சென்று தங்கும் பாசறை படைவீடு எனவும் பாடிவீடு எனவும் பெயர் பெற்றது. முருகப்பெருமான் எழுந்தருளியிருக்குந் தலங்கள் ஆறனையும் ஆறுபடைவீடு என வழங்குவர். ஆற்றுப்படைவீடு என்பதே அவ்வாறு மருவிற்று என்பாரும் உளர். எவ்வாறாயினும், படைவீடு என்னுந் தொடரில் வீடு என்பது தங்குமிடம் என்னும் பொருளதாதல் தெளிவு.

இனமொழிகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. கன்னடத்தில் பீடு என்பது உறைவிடத்தையும் பாசறையையும் குறிக்கும். பாசறை அமைத்துத் தங்குதலை அம்மொழியினர் ‘பீடு பிடு’ என்பர். தமிழின் வகரம் கன்னடத்திற் பகரமாதல் மொழிநூலார் அறிந்தது. தெலுங்கில் வீடு என்பது ஊரையும் படை தங்கும் இடத்தையும் குறித்தது. மலையாளத்தில் நம்மைப் போலவே மனையைக் குறிக்கும். ஆகவே, வழிநடைக்கிடையில் விட்டுத் தங்கும் இடத்தைக் குறித்த சொல், நிலையாக உறையும் இடத்துக்குப் பெயராக வளர்ந்தது எனக் கொள்ளுதல் பொருத்தமாகும்.

மாணவர் விடுதியில் உறையும் பிள்ளை, விடுமுறை வந்தவுடன் விடுதியை விட்டு வீட்டுக்குச் செல்கின்றான். விடுமுறை, விடுதி, விட்டு, வீடு என்னும் நான்கும் ஒரு வேரிற் பிறந்தவை என்பதை அவன் எண்ணிப் பார்த்திருக்கமாட்டான்.

நூல்வழக்கு

அறம், பொருள், இன்பம், வீடு என்பன உறுதிப்பொருள் நான்கு. திருக்குறளிலோ முப்பாலே உள. வீடு சொல்லாலும் எண்ணத்தாலும் எட்டப்படாத நிலையாதலின், அதனை இத்தன்மைத்தென்று இலக்கணங் கூறுதல் இயலாது. துறவறமாகிய காரணத்தைக் கூறுமுகத்தாலேயே அது கூறப்படும் என்னுங் கருத்தினைப் பரிமேலழகர் தமது உரைப்பாயிரத்தில் அமைத்துள்ளார். விடுதல் என்னும் வேர்ப்பொருளுக்கு இவ்வுரை மிக இயைந்ததாகும். துறவு என்பது விடும் முயற்சி. வீடு என்பது விட்டு முடிந்த நிலை.

சைவசித்தாந்த நூல்கள் வீட்டினைக் கட்டு என்பதனோடு எதிர்வைத்துப் பேசும். ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலத்தாற் பிணிப்புண்டிருத்தல் கட்டு. திருவருளால் அப்பிணிப்பு நீங்குதல் வீடு. இவ்வாறு தத்துவ நூலில் வீட்டுக்கு எதிர்ச்சொல் கட்டு. உலகவழக்கிலோ வீடு கட்டப்படுவது. ‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்’ என்னும் பழமொழி, வீடு கட்டுவோன் படும் பாட்டினை உணர்த்துவது. கடனாலும் கவலையாலும் அவன் கட்டுண்ணும்பொழுது, இவ்வொரு சொல்லின் இரு பொருள்களும் எதிரெதிராக நின்று அவனை நோக்குகின்றன. எனினும் இரண்டிற்கும் பொதுவான ஓர் எண்ணம் உண்டு. அலைந்தவன் வந்து சேர்தலும், சுமந்தவன் சுமையை இறக்குதலும் இரண்டிடத்தும் உள. உடலின் அலைச்சல் ஓயுமிடம் ஒரு வீடு. உயிரின் அலைச்சல் ஓயுமிடம் மற்றொரு வீடு.

சோதிட நூலாரும் இச்சொல்லைத் தமக்கென எடுத்தாண்டனர். இராசிகள் பன்னிரண்டும் கோள்கள் தங்கும் வீடுகள் எனப்படும். ஆட்சிவீடு, உச்சவீடு, பகைவீடு என்பன அவற்றின் வகை. இலக்கினத்திலிருந்து எண்ணப்படும் நான்காம் வீடு தாயையும் மனையையும் குறிப்பது. பன்னிரண்டாம் வீடு செலவையும் மோட்சத்தையும் குறிப்பது. எனவே மனையாகிய வீட்டுக்கு ஒரு வீடும், முத்தியாகிய வீட்டுக்கு ஒரு வீடும் சாதகக் கட்டத்துள்ளே அமைந்தன.

ஒத்த கருத்துச் சொற்கள்

இனி, மனையைக் குறிக்கும் பிற சொற்களை நோக்குவோம். இல், இல்லம், அகம், மனை, குடி, உறையுள், கிருகம் என்பன அவற்றுட் சில. இவை யாவும் வீட்டைக் குறிப்பனவேனும், வீட்டை ஒரே கோணத்தில் நின்று குறிப்பனவல்ல.

இல் என்பது இல்லற வாழ்வின் பக்கமாக நிற்குஞ் சொல். இல்வாழ்க்கை, இல்லறம், இல்லாள் என்னுந் தொடர்களில், சுவரும் கூரையும் நினைவில் எழுவதில்லை. கணவனும் மனைவியும் கூடி நடத்தும் அறமே எழுகின்றது. கோ என்பதனோடு சேர்ந்து கோயில் என நின்றபொழுது, அரசனது உறைவிடத்தையும் பின்னர் இறைவனது உறைவிடத்தையும் உணர்த்திற்று. இன்மைப்பொருளைத் தரும் இல் என்பதும் இதனோடு ஒலியால் ஒத்தது. அதனாலேயே இல்லாள் என்றால் மனைவியும், இல்லான் என்றால் வறியவனும் ஆயினர். இல்லாள் என்பதற்கு ஆண்பால் இல்லான் என்று எழுதும் மாணவன், வீட்டுத்தலைவனை ஒரு நொடியில் வறியவனாக்கிவிடுகின்றான். ஏழாம் வேற்றுமையின் இல் உருபும் இல்லைக் குறித்த பெயரினின்றும் வந்ததே என்பர் மொழிநூலாருள் ஒருசாரார். அது கொள்ளப்படின், ‘வீட்டில்’ என்னும் ஒரு சொல்லினுள் இரண்டு வீடுகள் அடங்கியுள்ளன.

இல்லம் என்பது இக்காலத்திற் பெருமிதமும் பொதுமையும் உடைய சொல்லாக வளர்ந்துள்ளது. முதியோர் இல்லம், சிறுவர் இல்லம் என்கிறோம். முதியோர் வீடு என்பதில்லை. கல்லூரிகளில் மாணவரைப் பிரித்து வைக்கும் பிரிவுகள் இல்லங்கள் எனப்படுகின்றன. ஆண்டுதோறும் நடைபெறுவது இல்ல விளையாட்டுப் போட்டி. அதனை வீட்டு விளையாட்டுப் போட்டி என்று ஒருவர் அழைப்பிதழில் அச்சிடுவாராயின், முற்றத்திற் சிறுவர் ஆடும் கிளித்தட்டே பெற்றோர் நினைவுக்கு வரும். மரண அறிவித்தல்களிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். ‘அன்னாரது இல்லத்தில் இறுதிக்கிரியைகள் நடைபெறும்’ என்று அச்செழுத்துச் சொல்லும். ‘அவருடைய வீட்டிலே எடுக்கிறார்கள்’ என்று ஊர் சொல்லும்.

அகம் என்பதன் முதற்பொருள் உள் என்பது. ஆதலால் அது வீட்டையும், நெஞ்சையும், அகத்திணையையும் ஒருங்கே குறிக்கும் உரிமை பெற்றது. புறம் என்பதனை எதிர்ச்சொல்லாகக் கொண்ட அகம், வெளியாருக்குப் புலப்படாத வாழ்வு என்னுங் குறிப்பினை என்றும் விடுவதில்லை. பேச்சுவழக்கில் இச்சொல் பெரும்பாலும் மறைந்தது. தமிழ்நாட்டுப் பிராமணர் வழக்கில் ‘ஆம்’ எனத் திரிந்து, ‘ஆத்துக்காரர்’ என்பது போன்ற சொற்களில் உயிரோடிருக்கின்றது.

மனை என்பது மனைவி, மனையாள், மனையறம் என்பவற்றில் இல் என்பதனோடு ஒத்து நடக்கும். ஆயினும் தமிழ்நாட்டின் இன்றைய வழக்கில் மனை என்பது வீடு கட்டுதற்குரிய வெறுநிலம். ‘மனை விற்பனைக்கு’ என அங்கே விளம்பரம் செய்யப்படுமிடத்தில் ஒரு கல்லும் எழுந்திராது. அப்பொருளுக்கு யாழ்ப்பாணத்தார் காணி என்றும் வளவு என்றும் கூறுவர். ஒரே சொல், ஒரே மொழி. கடல் கடந்தவுடன் கூரை போய்விடுகின்றது.

குடி என்பது வீட்டைக் காட்டிலும் வீட்டில் உறைவோரைச் சிறப்பாகக் குறிக்கும். குடிமக்கள், குடித்தனம், குடியேற்றம் என்பன காண்க. சிறிய உறைவிடம் குடில் எனவும் குடிசை எனவும் பெயர்பெறும். புதுவீட்டுக்கு முதன்முறை செல்லுதலைக் குடிபுகுதல் என்பது நூல்வழக்கு. அதுவே யாழ்ப்பாணத்திற் குடிபூரல் என மருவி வழங்குகின்றது. இதனை வடசொல்லாற் கூற விரும்புவோர் கிருகப்பிரவேசம் என எழுதுதல் வேண்டும். கிரகப்பிரவேசம் என எழுதுதல் பெருவழக்காய்விட்டது. கிருகம் என்பது வீடு. கிரகம் என்பது கோள். அழைப்பிதழில் எழுந்த இச்சிறு பிழையால், வீட்டுக்காரர் ஒரு கோளினுட் புகுவதற்கு உறவினரை அழைத்தவராகின்றார்.

உறையுள் என்பது உறைதல் என்னும் தொழிலடியாகப் பிறந்தது. உணவு, உடை, உறையுள் என மக்களின் அடிப்படைத் தேவைகளை எண்ணுமிடத்து இச்சொல்லே தகும். ஆனால், ‘எனது உறையுளுக்கு வருக’ என்று எவரும் விருந்தினரை அழைப்பதில்லை. தேவையைக் கணக்கிடுஞ் சொல் வேறு. அன்போடு அழைக்குஞ் சொல் வேறு.

உலகவழக்கு

பேச்சுவழக்கில் வீடு என்பது கட்டடத்தோடு நின்றுவிடுவதில்லை. ‘வீட்டிலே கேட்டுச் சொல்கிறேன்’ என்பவர், மனைவியையோ பெற்றோரையோ குறிக்கின்றார். ‘மாப்பிள்ளை வீட்டார் வந்தனர்’ என்றால் வந்தது ஒரு குடும்பம். வீட்டுக்காரர் என்பது வாடகைக்கு இருப்போர் வாயில் உடைமையாளரையும், மனைவியின் வாயிற் கணவரையும் குறிக்கும். ‘வீட்டுவேலை செய்தாயோ?’ என்று தாய் கேட்டால் முற்றங் கூட்டுதலும், ஆசிரியர் கேட்டால் கணக்குச் செய்தலும் ஆகும். வீடுவாசல் என்னும் இணைமொழி உடைமை முழுவதையும் அடக்கும்.

யாழ்ப்பாணத்தில் ‘வீட்டை போறன்’, ‘அவர் வீட்டை இல்லை’ எனப் பேசுவர். நான்காம் வேற்றுமையும் ஏழாம் வேற்றுமையும் வரவேண்டிய இடத்தில் இரண்டாம் வேற்றுமை போன்ற உருவம் வந்து நிற்கின்றது. பிறநாட்டுத் தமிழர் இதனைக் கேட்டு வியப்பர். வீடு என்னுஞ் சொல் இவ்வூரார் வாயில் எத்துணைப் பழகித் தேய்ந்துள்ளது என்பதற்கு இது சான்று.

முன்னாளில் யாழ்ப்பாணத்து வளவினுள் வீடு, அடுக்களை, தலைவாசல், மால் என்பன தனித்தனியாக அமைந்திருந்தன. அக்காலத்தில் வீடு என்றது கதவுடைய உள்ளிடத்தை மாத்திரமேயாம். விருந்தினர் இருந்தது தலைவாசலில். இவை ஒரு கூரையின்கீழ் வந்தபின்னரே, முழுக் கட்டடமும் வீடெனப் பெயர்பெற்றது.

வீடு என்பது நிகழ்ச்சியைக் குறித்தல் ஈழத்து வழக்கின் சிறப்பு. கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு என்பன முதலில் அவை நிகழும் மனையைக் குறித்துப் பின்னர் நிகழ்ச்சியையே குறிப்பனவாயின. ‘கலியாணவீடு எப்போது?’ என்றும், ‘செத்தவீடு நேற்று முடிந்தது’ என்றும் கூறுகிறோம். கட்டடத்துக்கு எப்போது என்பதும் முடிதல் என்பதும் இல்லை. இந்நாளிற் கலியாணம் மண்டபத்திலும், இறுதிச்சடங்கு கொழும்பு போன்ற நகரங்களில் மலர்ச்சாலையிலும் நடைபெறுகின்றன. எனினும், ‘செத்தவீடு மலர்ச்சாலையில்’ என்கிறோமேயன்றி வீட்டை விடுகின்றோமல்லோம். சிங்கள மொழியிலும் வீட்டைக் குறிக்கும் கெதர என்னுஞ் சொல், மகுல்கெதர எனத் திருமணத்துக்கும் மலகெதர என மரணச்சடங்குக்கும் வழங்குகின்றது. அயலிலே வாழும் இரு மொழியினரும் இன்பத்தையும் துன்பத்தையும் வீட்டின் பெயராலேயே அழைத்தல் கருதற்பாலது.

பிறந்தவீடு, புகுந்தவீடு என்பன தமிழ்நாட்டுக் கதைகளிலும் திரைப்படங்களிலும் பயின்ற தொடர்கள். அங்கே புகுவோள் பெண். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படும். மணமகனே அவ்வீட்டுக்கு வந்து சேர்வான். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டளவில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை யாழ்ப்பாணத்துச் சீதனமுறையை விரித்துரைக்கின்றது. ஆகவே, இவ்விடங்களிற் புகுந்தவீடு என்னுந் தொடரை வழங்குமுன், புகுந்தவர் யாரென வினவுதல் வேண்டும். ஒரு சொற்றொடரைக் கடன்வாங்குவோன் அதனோடு பிறிதொரு நாட்டின் குடும்ப அமைப்பையும் அறியாது கடன்வாங்கிவிடுகின்றான்.

மலையகத்திலோ நிலை வேறு. தோட்டத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உறைந்த நெடுங்கட்டடம் லயம் எனப்பட்டது. அதன் ஒவ்வோர் அறையும் காம்பரா எனப்பட்டது. நிகண்டுப்படி இவையும் உறைவிடமே. ஆயினும் அங்கே தனிவீடு என்னுந் தொடர் ஒரு கட்டடவகையின் பெயராக மாத்திரம் நிற்கவில்லை. தமக்கெனக் காணியும் உரிமையும் வேண்டுமென்னும் கோரிக்கையின் பெயராக நின்றது. லயத்துக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை எந்த ஒத்த கருத்துப் பட்டியலும் காட்டாது.

சொல்லும் வாழ்வும்

வடபுலத்து மக்கள் அண்மைக்கால வரலாற்றில் இச்சொல்லின் பொருளைத் தம் வாழ்வால் அறிந்தனர். 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டுப் பெயர்ந்தனர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் தம் இல்லங்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பலர் புத்தளத்தில் தங்கினர். 1995ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாளிரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அவருட் பலர் நலன்புரி நிலையங்களிலும், உறவினர் மனைகளிலும், வாடகை அறைகளிலும் பல்லாண்டு வாழ்ந்தனர். வலிகாமம் வடக்குக் குடும்பங்கள் பல அவ்வாறு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக முகாம்களில் இருந்தன.

அவர்கள் பேச்சில் வீடு என்னுஞ் சொல் எவ்விடத்தைக் குறித்தது என்பதே ஈண்டு நோக்கற்பாலது. உறங்கி எழுந்த இடம் முகாம். அல்லது ‘இருக்கிற இடம்’. வீடு என்பது விட்டுவந்த இடமே. முகாமிற் பிறந்து, தான் ஒருநாளும் காணாத ஓரிடத்தை ‘எங்கடை வீடு’ என்று சொல்லக் கற்ற பிள்ளைகளும் உளர். பிற்காலத்தில் காணிகள் விடுவிக்கப்பட்டபொழுது, மக்கள் ‘வீட்டைப் பார்க்க’ச் சென்றனர். பலவிடங்களில் அங்கே கண்டது புதரும் கிணறும் அத்திவாரக் கல்லுமே. தமிழ்நாட்டு வழக்குப்படி அது வெறும் மனை. ஆயினும் வீடு என்பதன்றி வேறொரு சொல்லை அவர் வாய் சொல்லவில்லை.

2009ஆம் ஆண்டின் பின்னர், இந்திய அரசின் உதவியுடன் 50,000 வீடுகள் அமைக்கும் திட்டம் உள்ளிட்டுப் பல திட்டங்கள் மேற்கொள்ளப்பட்டன. அதனால் ‘அவர்களுக்கு வீட்டுத்திட்டம் கிடைத்தது’ என்னும் புதுவழக்கு எழுந்தது. இங்கே வீட்டுத்திட்டம் என்பது கட்டிமுடிந்த வீட்டையே குறிக்கின்றது. அரசாங்கக் கடதாசியில் இருந்த சொல் ஊர்வழக்கிற் புகுந்து பொருள் மாறுதல் இவ்வாறே. இன்னும் நூறாண்டு சென்றபின் ஒரு மாணவன் இத்தொடரைக் கண்டு, திட்டம் எவ்வாறு வீடாயிற்று என்று வியத்தல் கூடும். இவ்வரலாற்றை அறியாதார் அவனுக்கு விடை கூறமாட்டார்.

வழிநடையிலே விட்டுத் தங்குமிடத்தைக் குறித்துப் பிறந்த சொல் வீடு என்பது முன்னர்க் கூறப்பட்டது. பாசறையும் ஒருகால் வீடெனப்பட்டது. அச்சொல், காலப்போக்கில் எத்துணை ஆழமாக வேரூன்றிற்று எனின், பாசறை போன்ற முகாமில் இருபது ஆண்டு தங்கியவரும் அதனை வீடென்று கூற உடன்பட்டிலர். தங்குதல் மாத்திரம் வீடாகாது; சுமையை இறக்குதல் வேண்டும். மனச்சுமை இறங்காத இடம் கூரையுடையதாயினும் வீடாகாது. அது இறங்குமிடம் கூரையிழந்ததாயினும் வீடேயாம். மெய்யுணர்ந்தோர் முத்திக்கும் இச்சொல்லையே தேர்ந்துகொண்டமையின் பொருத்தம் இதனால் நன்கு விளங்கும்.

ஆகவே, பல பொருள் குறித்த ஒரு சொல்லைக் கற்பிப்போர், பொருள்களை எண்ணி எழுதுவித்தலோடு அமைதல் கூடாது. அச்சொல் எவ்வேரிற் பிறந்தது, எச்சொல்லோடு சேர்ந்து எப்பொருள் தருகின்றது, எந்த ஊரில் யார் வாயில் எவ்வாறு வழங்குகின்றது என்பனவற்றையும் மாணவரைக்கொண்டே ஆராய்வித்தல் வேண்டும். 1842ஆம் ஆண்டில் மானிப்பாயில் அச்சேறிய யாழ்ப்பாண அகராதியும், 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் அவர்க்கு உற்ற துணையாகும். ஆயினும் அகராதியில் ஏறாத வழக்குகள் ஒவ்வொரு வளவினுள்ளும் உள. பாட்டியும் பாட்டனும் வழங்கும் சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் மாணவன், அகராதி செய்தோர் விட்டதைத் தான் நிரப்புகின்றான். அதற்கு அவன் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. இன்று மாலை பாடசாலை விட்டதும் வீட்டுக்குச் சென்று செவிகொடுத்தலே போதும்.